பாங்குக்கு நாலு நிமிஷம் முந்தி

"நீங்க ஓதுனீங்க, நான் நோம்பைத் தொறந்தேன். இதுல என் தப்பு என்ன—"

"நான் எங்கடி ஓதுனேன்? நான் பள்ளிவாசல்ல கஞ்சிக் கோப்பையை முன்னால வச்சுக்கிட்டு—"

"முப்பத்தோரு வருஷமா கேக்குற குரல் எனக்குத் தெரியாதா?"

"குரல் தெரியுது, நேரம் தெரியலையா? பாங்கே சொல்லலை மஜீதா! பாங்கு சொல்றதுக்கு நாலு நிமிஷம் முந்தி—"

"நீங்கதானே சொன்னீங்க! வீடு வீடா நின்னு, 'டிவியில என் குரல் வந்ததும் வாயில வைங்க'ன்னு நீங்கதானே சொல்லிட்டு வந்தீங்க!"

அந்தி மகரிப் தொழுதுவிட்டு வந்த ஜெகபர் அலி தொப்பியைக்கூட இன்னும் கழற்றவில்லை. மனைவிக்கென்று பள்ளிவாசலில் வாங்கிவந்த நோன்புக் கஞ்சி தூக்குவாளியோடு கையிலேயே இருந்தது. மஜீதா அதை வாங்கவும் இல்லை. அவள் முன்னால் தட்டில் ஒரு பேரீச்சங்கொட்டையும் கடித்த வடையும் கிடந்தன. அந்த வடையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

பாலக்கரை மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வந்து இரண்டு முறை திரும்பினால் அந்தத் தெரு. பள்ளிவாசல் வடக்குக் கோடியையும் தாண்டி இருந்தது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்து வைத்ததிலிருந்து தொழுகைக்கு அழைக்கிற பாங்கு நடுத்தெரு வரைக்கும்தான் கேட்கும். ஆண்கள் பள்ளிக்குப் போய் வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டிலிருக்கிற பெண்களும் நடக்க முடியாதவர்களும் உள்ளூர் கேபிள் சேனலைப் பார்த்துத்தான் நோன்பு திறப்பது. திரையின் மூலையில் சின்னதாக ஒரு கடிகாரம் ஓடும், நேரமானதும் பாங்கு வரும். நோன்பு நேரம் அச்சடித்த அட்டை எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கத்தான் செய்தது. அதை எழுந்துபோய்ப் பார்க்கிற வழக்கம் விட்டுப்போய் வருஷக்கணக்காகிறது.

இந்த வருஷம் அந்தக் கடிகாரத்தையும் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. "படத்தை இத்துனூண்டா ஒரு மூலைக்குத் தள்ளிட்டு, சுத்திலும் ஃபேன் விக்கிறான், கட்டில் விக்கிறான். கடிகாரம் எங்கன்னு நாம தேடணும்" என்று மஜீதா முதல் நோன்பிலேயே சொன்னாள். சமோசா மடிக்க மாவை மெல்லிசாகத் தேய்த்துப் பட்டி போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது அவள் வேலை. மதியத்திலிருந்து சப்பாத்திக் கட்டைக்கும் தோசைக்கல்லுக்கும் நடுவே நின்றவளுக்கு ஆறேகால் மணிக்கு உட்கார்ந்தால் கண் இருட்டும். திரையில் யார் கை ஏந்தினாலும் கூடவே தன் கையும் ஏந்தும், அந்த நேரத்தில்.

இந்தச் சிரமத்துக்கு உதவியாகத்தான் ஜெகபர் அலியின் குரல் வந்தது. அவர் தையற்காரர். வீட்டின் முன் அறைதான் கடை. இரண்டு மெஷின், பெருநாளுக்கு வெட்டி அடுக்கிய ஜிப்பாத் துணிகள், தரையெல்லாம் நூல். ஆனால் தெருவில் அவரைத் தெரிவது குரலால். பள்ளியில் தினமும் பாங்கு சொல்கிற மோதினாருக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நோன்புக்கு ஒரு மாதம் முன்பு மகன் பாசில் வந்து மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு வருஷமாக வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலையில் இருந்தான்.

"அத்தா, கேபிள்ல நோம்பு தொறக்குற நேரத்துக்கு ஒரு துஆ போடப் போறோம். நீங்க ஓதுறீங்களா?"

"நான் எதுக்குடா? தொழ வைக்கிற அஜரத்தைக் கேளு."

"உங்க குரல்தான் வேணும். வீட்டுல இருக்குற பொம்பளைங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்ல? பாங்குக்கு அப்புறம் நீங்க ஓத ஓத அவங்களும் கூடவே ஓதிக்குவாங்க."

ஒத்தாசை என்ற வார்த்தையில் அவர் விழுந்துவிட்டார். தன் கையாலேயே ஒரு வெள்ளை ஜிப்பா தைத்து, கழுத்தில் மெல்லிசாக வெள்ளை நூல் வேலை போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஓதிவிட்டு வந்தார். மூன்று தடவை ஓதச் சொன்னார்களாம். ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயருகே கொண்டுபோகச் சொன்னார்களாம். நோன்பு தொடங்கியதிலிருந்து தினமும் பள்ளியிலிருந்து திரும்பியதும் முதல் கேள்வி, "வந்துச்சா?" என்பதுதான். பதினாலு நோன்பு வரைக்கும் வரவில்லை. அதற்குள் தெருவில் அவர் போய்ச் சொல்லாத வீடு இல்லை.

பதினைந்தாம் நோன்பன்று வந்தது.

"பாசில் அத்தா, டிவிக்காரன் வேற எதையோ காமிச்சான்" என்றாள் மஜீதா, குரல் தணிந்து. "நீங்க ஓதுனீங்க. பழத்தை எடுத்தீங்க. நானும் எடுத்து வாயில வச்சேன், வடையையும் கடிச்சேன். அடுத்தாப்புல ஒரு பொம்பளைப்புள்ள பாவாடையைச் சுத்திக்கிட்டு ஆடுது. பெருநாளுக்கு வாங்கங்குது. ஜவுளிக்கடை. அது முடிஞ்சு, அப்புறம் ஒரு குக்கர், அப்புறம்தான் பாங்கு."

"ஜவுளிக்கடையா?"

"ஆமாங்க. நீங்க விளம்பரத்துலயா ஓதுனீங்க?"

வாசலில் யாரோ செருப்பை விட்டார்கள். எதிர்வீட்டு ஷஹனாஸ் எட்டு வயது மகள் அல்ஷிஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அல்ஷிஃபாவுக்கு அன்று தலை நோன்பு, வாழ்க்கையில் முதன்முதலாக வைக்கிற நோன்பு. புதுக் கவுன் போட்டு, கழுத்தில் ரோஜா மாலை போட்டிருந்தார்கள். காட்டூரிலிருந்து அவளுடைய அத்தைமார்கள் வந்திருந்தார்கள்.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தாள் ஷஹனாஸ். "புள்ள காலையிலேருந்து எச்சிலைக்கூட முழுங்கலை. மத்தியானம் சுருண்டு படுத்துட்டா. 'தண்ணி குடிம்மா, சின்னப்புள்ளதானே'ன்னு அவங்கத்தா கெஞ்சுறாரு, மாட்டேங்குறா. கடைசியில உங்க குரலைக் கேட்டுத்தான் மாமா ஊட்டிவிட்டேன். என் கையாலயே ஊட்டிவிட்டேன்."

"ஷஹனாஸ், எனக்கும் இப்பத்தாம்மா தெரியும்..."

"எங்க நாத்தனாருங்க என்னைக் கேக்குறாங்க, உங்க தெருவுல எல்லாரும் அவசரக்காரங்களான்னு."

அல்ஷிஃபா கழுத்து மாலையிலிருந்து ஓர் இதழைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

பாசில் அரைமணி நேரம் கழித்து பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"மாத்திப் போட்டுட்டாங்க போலத்தா" என்றான், வியர்த்த தலையைத் துவட்டிக்கொண்டே. "சேனல்காரங்க வேலைதான். துஆவுக்குன்னு எடுத்ததை விளம்பரத்துல சேத்துட்டாங்க. நான் நாளைக்கிக் கேக்குறேன்."

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித்தா தெரியும்? நான் வெட்டிக் குடுக்குறதோட சரி."

"பாத்தியா?" என்று ஜெகபர் அலி மனைவி பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. "அவனுக்கே தெரியாதாம். புள்ளையையும் சேத்துல்ல ஏமாத்தியிருக்கானுவ! விடிஞ்சதும் நானே போறேன் ஸ்ரீரங்கத்துக்கு."

"நீங்க எதுக்குத்தா அலையுறீங்க? நோம்பு வச்சுக்கிட்டு..."

"என் குரலுடா அது. நான் போகாம யாரு போவா?"

மறுநாள் விடியற்காலை பஜ்ரு தொழுததும் அஜரத்திடம் கேட்டார். தெரியாமல் திறந்ததற்குக் குற்றமில்லை, ஆனால் அந்த நோன்பு கணக்கில் சேராது, பெருநாளுக்குப் பிறகு அதற்கு ஈடாக ஒரு நோன்பு களாவாக வைக்க வேண்டும் என்றார் அஜரத். "புள்ளைங்களுக்கு அது கடமையில்லை, வருத்தப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றும் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்க குரல் அவ்வளவு தூரம் போயிருக்கு பாத்தீங்களா?" என்றார். ஜெகபர் அலிக்குச் சிரிப்பு வரவில்லை.

தைக்கிற வேலை குவிந்து கிடந்தது. பதினோரு மணி வரைக்கும் மெஷினில் உட்கார்ந்து பார்த்தார். நான்கு ஜிப்பாக்களில் கை மாற்றி வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார். வெயில் கம்பியெல்லாம் சுட்டது. பாலத்தில் போகும்போது காவேரி வெறும் மணலாக, நடுவில் ஒரு கோடு போலத் தண்ணீரோடு கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் போனில் ஏதோ சமையல் பார்த்துக்கொண்டு வந்தாள். நடுநடுவே விளம்பரம் வரும். அவள் கட்டைவிரல் தானாகப் போய் அதைத் தள்ளிவிடும். அவ்வளவு லாகவமாகத் தள்ளினாள், கண்கூட அசையவில்லை. மஜீதாவுக்கு இது தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் எது வந்தாலும் முடிகிறவரைக்கும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ராஜகோபுரத்துக்கு எதிரே இறங்கி, ஒரு மருந்துக்கடையின் பக்கத்துப் படியில் மாடி ஏறினார். ஸ்டூடியோ முதலாளி அரவிந்தனுக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு.

"வாங்க பாய், வாங்க. உக்காருங்க. இந்த வெயில்ல எதுக்கு நீங்க... தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க. நோன்புல்ல."

"பரவால்லைங்க. நான் வந்தது அந்த துஆ விஷயமா."

"சூப்பரா வந்திருக்கு பாய்! பாத்தீங்களா? ஜவுளிக்கடைக்காரருக்கு ரொம்ப சந்தோஷம்."

"நான் பாக்கலைங்க. என் வீட்டுக்காரி பாத்தா."

அரவிந்தன் பெரிய திரையில் ஓடவிட்டார். ஜெகபர் அலி தன்னையே பார்த்தார். கை ஏந்தியிருந்தார். 'அல்லாஹும்ம லக ஸும்து', இறைவா உனக்காக நோன்பு வைத்தேன், என்று குரல் அந்தக் குளிர்ந்த அறையில் நிறைந்தது. பழத்தை வாயருகே கொண்டுபோன இடத்தில் படம் உறைந்தது. அவர் போட்டிருந்த வெள்ளை ஜிப்பா பச்சையாயிற்று, பிறகு நீலமாயிற்று, பிறகு மயில் கழுத்து நிறமாயிற்று. 'நோன்பு திறந்தாச்சா? வாங்க, பெருநாளுக்கு ரெடிமேட் ஜிப்பாக்கள்!' என்று யாரோ கத்தினார்கள். சிறுமி பாவாடையைச் சுற்றினாள்.

"அந்த ஜிப்பா நான் தச்சது" என்றார் ஜெகபர் அலி.

"அப்படியா? நல்ல தையல் பாய். கடை சரக்குன்னே எல்லாரும் நம்பிட்டாங்க."

ஜெகபர் அலி தெருவில் நடந்ததைச் சொன்னார். அல்ஷிஃபாவைப் பற்றியும் சொன்னார். அரவிந்தன் மெய்யாகவே சங்கடப்பட்டார்.

"ஐயோ, இப்படி ஆகும்னு தெரியாது பாய். சத்தியமா. நேத்து ஆறு இருபத்து மூணுக்கு ஓடியிருக்கு. எங்க வீட்லயும் இதே கதைதான். ஏகாதசிக்குப் பெருமாள் சேவிக்க எங்கம்மா டிவி முன்னாடி கற்பூரத்தோட உக்காந்திருக்காங்க. சொர்க்கவாசல் தொறக்குற நேரம், கண்ணை மூடி ஆரத்தி காட்டிட்டு நிமிந்து பாத்தா பெயிண்ட் டப்பா. மூணு நாள் எனக்குச் சோறு போடலை."

"அப்ப உங்களுக்குத் தெரியுதுல்ல? பாங்குக்கு அப்புறம் போடுங்க. இல்லைன்னா எடுத்துடுங்க."

"அப்புறம் யாரு பாய் டிவி முன்னாடி இருக்கா? நீங்கல்லாம் தொழ எந்திரிச்சிருவீங்களே. அந்த முந்தின அஞ்சு நிமிஷம்தான் ஒருத்தரும் சேனலை மாத்த மாட்டாங்க, அசைய மாட்டாங்கன்னு தம்பி எடுத்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே புரிஞ்சுது."

"எந்தத் தம்பி?"

"நம்ம பாசில்தான். எழுதினது, எடுத்தது எல்லாம் அவர்தானே? அவர் முழுசா பண்ற முதல் விளம்பரம் இது. உங்களைப் போடலாம்னு சொன்னதும் அவர்தான். 'எங்க அத்தா குரல்னா எங்க தெருவே நிமிந்து உக்காரும் சார்'னாரு."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாசில் காதில் ஹெட்போனோடு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் முன்னாலிருந்த திரையில் எதுவும் ஓடவில்லை.

"கேபிள்ல நாளன்னிக்குள்ள எடுக்கச் சொல்லிடறேன் பாய்" என்று அரவிந்தன் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "போன்லயும் போகுது, அதைத்தான் உடனே நிறுத்த முடியாது. அவங்கவங்க போனை எப்போ தொறக்குறாங்களோ அப்போ ஓடும்..."

படியிறங்கிப் பாதி தூரம் வந்தபோது பாசில் ஓடிவந்தான்.

"அத்தா!"

"மாத்திப் போட்டுட்டாங்கன்னே."

"அத்தா, நேரம் தப்பாயிருச்சு, அவ்வளவுதான். வீட்டுல கடிகாரம் இருக்கும்ல, பாத்துக்குவாங்கன்னு நினைச்சேன்."

"கடிகாரத்தைவிட என்னை நம்புனாங்கடா. சரி, அதை விடு. ஓதச் சொன்னப்பவே இது விளம்பரம்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

பாசில் சுவரில் ஒட்டியிருந்த பழைய நோட்டீஸை நகத்தால் சுரண்டினான்.

"விளம்பரம்னு சொல்லியிருந்தா ஓதியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லலை."

"நேத்து கேட்டப்பவும் சொல்லலையே."

"அம்மா அழுதுட்டிருந்தாங்க. அப்பப் போய் எப்படித்தா..."

"ஒத்தாசைன்னு சொன்னே" என்றார் ஜெகபர் அலி. "அந்த வார்த்தையை எங்கேருந்துடா எடுத்தே?"

வண்டியில் கொண்டுபோய் விடுவதாக அவன் சொன்னது காதில் விழாதவர் போல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

வீட்டில் மஜீதா மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் கை நின்றது. மகனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஈரத்துணியை மாவின்மேல் போட்டு மூடிவிட்டு, "என் நோம்பு போனது போகட்டுங்க. களா வச்சுக்கலாம்" என்றாள். "இன்னிக்கும் வருமே, அதுக்கு என்ன வழி?"

"வரும்."

"நம்ம வீட்டுல தெரியும். மத்த வீட்டுல?"

ஆறு மணிக்கு அவர் பள்ளிக்குக் கிளம்பவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரே ஒரு பேரீச்சம்பழத்தோடு தெருவில் இறங்கினார். வடக்கிலிருந்து தெற்காக, ஒவ்வொரு வாசலாக நின்றார்.

"டிவியில என் குரல் வரும். அதை நம்பாதீங்க. ஆறு இருபத்தேழு. பாங்கு வந்தப்புறம் தொறங்க."

"ஏன் அண்ணே, அது நீங்க இல்லையா?"

"நான்தான். ஆனா நம்பாதீங்க."

கதீஜாம்மாவுக்கு எண்பது வயது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "முந்தாநாள் வந்து என் குரலைக் கேட்டுத் தொறங்குன்னே. இன்னிக்கு வந்து தொறக்காதேங்குறே. நாளைக்கு என்னப்பா சொல்லப் போறே?"

"நாளைக்கு வர மாட்டேன் பெரியம்மா."

"நேத்து எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம ஜெகபர் ஓதுறானேன்னு தைரியமாத் தொறந்தேன். இப்ப வந்து சொல்றியே, இதுக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்."

அவர் அடுத்த வாசலுக்குப் போனார். நடுத்தெருவைத் தாண்டும்போது அது தொடங்கியது. முதலில் ஒரு வீட்டுப் போனிலிருந்து, 'அல்லாஹும்ம லக ஸும்து'. அது முடிவதற்குள் இரண்டு வீடு தள்ளி இன்னொரு போனில் முதலிலிருந்து. பிறகு மாடியில். பிறகு எதிர்ச் சாரியில் டிவியிலிருந்து பெரிதாக. தெருவெங்கும் அவர் குரல் ஒன்றன்மேல் ஒன்றாக ஓதியது. அதற்கு மேலாக அவர் தொண்டை வறள, "தொறக்காதீங்க! இன்னும் நேரம் ஆகலை! தொறக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு நடந்தார். ஒரு ஜன்னலில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். படியில் நின்றிருந்த ஷஹனாஸ் உள்ளே திரும்பி டிவியை அணைத்தாள்.

தெற்குக் கோடிக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. அங்கே பள்ளியின் பாங்கு கேட்காது. அவர் சொன்னதை முன்னாலேயே கேள்விப்பட்டு அந்தக் கடைசி ஆறு வீட்டிலும் டிவியை, போனை எல்லாம் அணைத்துவிட்டிருந்தார்கள். பெண்கள் முக்காட்டோடு வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஒருத்தி கையில் தண்ணீர்ச் செம்பு. ஒருத்தி கையில் தட்டு.

"ஆயிருக்குமா அண்ணே?"

"எங்க வீட்டுக் கடிகாரத்துல ஆயிருச்சு. ஆனா அது கூட ஓடும்."

"எங்களதுல இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு."

"நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா தொறக்குறோம்."

ஜெகபர் அலி வடக்கே பார்த்தார். வானம் இன்னும் முழுசாக இருட்டவில்லை. யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. பாசில். பள்ளிவாசல் பக்கமிருந்து, செருப்பில்லாமல், வியர்த்து வழிய வந்து அவர் முன்னால் நின்றான். முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கினான்.

"பாங்கு சொல்லிட்டாங்கத்தா. பள்ளி வாசல்லயே நின்னு கேட்டுட்டு வரேன். தொறங்க."

ஆறு வாசலிலும் ஒருவரும் அசையவில்லை. பெண்கள் பாசிலைப் பார்க்கவில்லை. ஜெகபர் அலியைத்தான் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த பழம் உள்ளங்கைச் சூட்டில் இளகி விரலில் ஒட்டியிருந்தது. அவர் மகனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தா... சத்தியமாத்தா. பாங்கு சொல்லிட்டாங்க."